உள்ளங்கையைச் சூடாக்கிக்கொண்டவர்

என் ஆலையில் சுற்றிய மாடுகளின் பெயர்களை இன்றைக்கும் வரிசை தப்பாமல் சொல்வேன். செவலை, மயிலை, ஒத்தைக்கொம்பன், சண்டி மாடு என்று மூன்று பேர் கைமாற்றிவிட, நான் பழக்கி எடுத்த கறுப்பன். எண்பதைத் தாண்டியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனாலும் ஞாபகத்தில் என்னை மடக்குகிற ஆள் பாகூர்ப் பக்கம் இன்னும் பிறக்கவில்லை. அப்படிப்பட்ட எனக்கு, இப்போது எழுத உட்கார்ந்திருக்கிற மனிதரின் பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறது. நாக்கு நுனியில் நிற்கிறது. எழுதி முடிப்பதற்குள் வந்துவிடும். வந்ததும் எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். கரும்பு வெட்டும் கூலியாகத் தொடங்கி, வண்டிக்காரனாகி, முப்பது வயதுக்குள் பாகூர் ஏரிக்குக் கிழக்கே சொந்தமாக ஆலை போட்டவன் நான். ஊரெல்லாம் மர உருளையில் கரும்பு ஆட்டிக்கொண்டிருந்தபோது, கடலூரிலிருந்து இரும்பு உருளைகளை வண்டியில் ஏற்றி, சுங்கச் சாவடியில் சிப்பாய்களோடு மல்லுக்கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை, செய்தவன் நான்தானே.

அவர் எங்கள் ஊருக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு டாக்டரிடம் பல வருஷம் வேலை பார்த்தவர். பிணம் அறுக்கிற அறையில் தண்ணீர் ஊற்றுவது, கத்தியைக் கொதிக்கவைப்பது, அறுத்ததைத் தைப்பது என்று தொடங்கி, பிறகு ஆஸ்பத்திரியில் மூத்திரம் அடைத்துக்கொண்ட கிழவர்களுக்கு ரப்பர் குழாய் போட்டு எடுத்துவிடுவது வரைக்கும் கற்றுக்கொண்டவர். அந்த டாக்டர் கப்பலேறிப் போய்விட்டதும், இறந்துபோன தங்கையின் வீடு காலியாகக் கிடக்கிறதென்று எங்கள் ஊரில் வந்து தங்கினார். பெண்டாட்டி பிள்ளை இல்லை. ஒரு தகரப் பெட்டி, அதில் துணியில் சுற்றிய குழாய்கள், ஒரு சீசா விளக்கெண்ணெய். அவ்வளவுதான் சொத்து.

அவருக்கு ஒரு பழக்கம். எதைத் தொடுவதற்கு முன்னாலும் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். ஆளைத் தொட்டாலும் அப்படித்தான், மாட்டைத் தொட்டாலும் அப்படித்தான். வலது கை ஆட்காட்டி விரலின் நகத்தைச் சதையோடு சதையாக வெட்டி வைத்திருப்பார். அந்த விரலால் மிளகாயைத் தொட மாட்டார். இராத்திரி படுக்கும்போது அதற்கு மட்டும் விளக்கெண்ணெய் தடவுவாராம். ஊர் சும்மா இருக்குமா? விரல்காரன் என்று பெயர் வைத்துவிட்டது.

ஒருநாள் தெருவில் காய் விற்கிறவள் கூடையை இறக்கி வைத்திருந்தாள். இவர் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டு ஒரு கத்திரிக்காயை எடுத்தார்.

“இன்னாய்யா, கத்திரிக்காய்க்குக் குளுருதா?” என்றாள் அவள்.

“அதுக்குக் குளுருதோ இல்லியோ, என் கைக்குப் பழக்கம் வுடல.”

“அமுக்கிப் பாத்து எடுய்யா. சொத்த இருக்கப் போவுது.”

“அமுக்க மாட்டம்மா. நீ பாத்துப் போடு.”

அவள் பார்த்துத்தான் போட்டாள். கூடையில் இருந்த சொத்தையெல்லாம் அவர் துண்டுக்குள் போனது. சுற்றி நின்றவர்கள் சிரித்தோம். அவரும் கூடச் சிரித்தார். தெரிந்தேதான் வாங்கிக்கொண்டு போகிறார் என்று எனக்குத் தோன்றியது.

என் ஆலைக்கு அவர் வந்து நிற்பது வெல்லம் காய்ச்சும் நேரத்தில். கரும்புச்சாறு கொப்பரையில் கொதித்துப் பாகாகும்போது பதம் பார்ப்பது என் வேலை. வேறு யாரையும் விடமாட்டேன். விரலைத் தண்ணீரில் முக்கி, சட்டென்று பாகில் தொட்டு, மறுபடி தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்க வேண்டும். ஒரு மூச்சு பிந்தினாலும் வெல்லம் கருகும். என் விரலுக்கு இணையான விரல் அந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று அவரிடமும் சொன்னேன்.

“அது சரி தம்பி. தொடறதுக்கு முன்னாடி வெரல எதுக்குத் தண்ணியில முக்குற?”

“இல்லாட்டி வெந்துடும் இல்ல?”

“பாகு உன்னச் சுடும்னு உனக்குப் பயம். என் கை அடுத்தவனச் சுடும்னு எனக்குப் பயம். நம்ம ரெண்டு பேரு வேலையும் கிட்டக்கிட்ட ஒன்னுதான்.”

பிணம் தொட்ட கையோடு என் கையைச் சேர்த்துப் பேசுகிறாரே என்று உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் அவர் பேச்சு பிடித்திருந்தது. பக்கத்தில் வேறு ஆள் இல்லாதபோது அவரை அண்ணே என்று கூப்பிட ஆரம்பித்தேன். ஆள் இருக்கும்போது கூப்பிட மாட்டேன்.

அதற்கடுத்த கார்த்திகையில் எனக்கு ஒரு வலி வந்தது. எங்கே என்று எழுதவே கை கூசுகிறது. இரண்டு காலுக்கும் நடுவில், உட்கார்ந்தால், தெரியாமல் கரும்புச் சக்கையின் சிம்பின்மேல் உட்கார்ந்த மாதிரி. மூத்திரம் சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டு வந்தது. குளிர்சுரம். வண்டி ஓட்ட முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அந்தக் காலத்தில் ஆம்பிளைக்கு அந்த இடத்தில் நோவு என்றால் ஊருக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். வெல்லம் விற்கிற சாக்கில் புதுச்சேரிக்குப் போய் எந்தச் சிறுக்கியிடமோ வாங்கிக்கொண்டு வந்துவிட்டான் என்பார்கள். சத்தியமாக நான் அப்படிப் போனவன் இல்லை. ஆனால் யார் நம்புவார்கள்? பெண்டாட்டியிடமே மூலச் சூடு என்று சொன்னேன்.

ஆலை இன்னும் ஓடத் தொடங்காத நாட்கள் அவை. கொட்டகையில் ஆள் நடமாட்டம் இல்லை. ஒரு மத்தியானம் அவரை அங்கே வரவழைத்தேன். வந்தவரிடம் விஷயத்தைச் சொல்லாமல் மழை, மாடு, சுங்கச் சாவடி என்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

“நீ நிக்கிறதப் பாத்தாலே தெரியுது தம்பி. எத்தினி நாளாச்சு?”

“நாலு நாளு.”

“கைய வைக்கலாமா?”

“வைங்க.”

“அப்பிடி இல்ல. நீ தயாராயிட்டு சொல்லு. நீ சொல்ற வரைக்கும் நான் ஒன்னும் செய்ய மாட்டேன். வேணாம்னாலும் நிறுத்திடுவேன்.”

சூடு போதாதென்று சக்கையைக் கொளுத்தி அந்த அனலில் கையைக் காட்டினார். விளக்கெண்ணெய் தடவினார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். என் வாழ்நாளில் அதைப்போல வெட்கப்பட்ட நேரம் அதுவரை இல்லை. அவர் விரல் எப்போது வந்தது எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் பொய், தெரிந்தது. ஆனால் வலி கூடவில்லை. ஒரே ஒரு இடத்தில் உயிர் போனது. நான் சத்தம் போடுவதற்குள் விரலை எடுத்துவிட்டார்.

“நாலு பேரு இத்த அமுக்கி வுடறேம்பான். ஒத்துக்காத. இப்ப அமுக்குனா வெசம் ரத்தத்துல ஏறும். வெந்நியில உக்காரு. நாளுக்கு ரெண்டு வேள. எளநி குடி. அடங்கிப்புடும்.”

“அண்ணே, இது அந்த நோவு இல்லியே?”

“எந்த நோவு? ஓ, அதுவா? இல்லப்பா. எல்லாத்துக்கும் பொம்பளைய இழுக்காத. மூத்திரத்த அடக்கிக்கினு மைல் கணக்கா வண்டி ஓட்டினா, பாவம் அதுதான் என்னா செய்யும்?”

எனக்கு அழுகை வந்தது. வெந்நீரில் உட்கார அண்டா எங்கே இருக்கிறது? வீட்டில் கேட்டால் ஏன் என்று வரும். கொட்டகையில் இரண்டு கொப்பரைகள் இருந்தன, பெரியது ஒன்று, சின்னது ஒன்று. சின்னதில் வெந்நீர் விட்டு என்னை உட்காரவைத்தார். ஏழு நாள், மத்தியானம் ஒரு தரம், பொழுது சாயும்போது ஒரு தரம். இரும்பு ஆலை போட்ட பெரிய மனுஷன் கொப்பரைக்குள் குந்தியிருந்ததை நினைத்தால் இப்போதுகூடச் சிரிப்பு வர வேண்டும். வருவதில்லை.

அப்படிக் குந்தியிருந்த ஒரு மத்தியானத்தில்தான் கேட்டேன், எதற்கண்ணே இப்படிக் கையைத் தேய்க்கிறீர் என்று. அவர் சக்கையை அடுப்பில் தள்ளிக்கொண்டே சொன்னார்.

“மூத்திரப் பைக்கு அடியில கொட்டப்பாக்கு மாதிரி ஒன்னு இருக்குது, தெரியுமா? வயசானா வீங்கி வழிய அடைக்கிறது அதுதான். ஒருநாளு டாக்டரு ஒரு கெழவன் பொணத்துல அத்த எடுத்தாரு. எடுத்துட்டு, அந்தப் பாக்க ஓரமா வெச்சிட்டாரு. சுத்தி இருந்த சவ்வையும் கொழுப்பையும் ஊசியால கிளறிக்கினே இருந்தாரு. என்னாத்தத் தேடறாருன்னு பாத்தா, நொய்க்குருண மாதிரி, வெள்ளையா, ரெண்டு மூணு. அதுல ஒன்னச் சீவி பூதக்கண்ணாடியில வெச்சு, வந்து பாருன்னாரு. பாத்தேன். வெங்காயம் தம்பி! குட்டி வெங்காயம். தோலு தோலா அடுக்கி, நட்டநடுவுல ஒரு நரம்பு.”

“அது எதுக்கு?”

“அத்தத்தான் நானும் கேட்டேன். அமுக்கினா தெரிஞ்சிக்கிறதுக்கு, அப்பிடின்னாரு. வெளிய எவனாவது அமுக்கினா மண்டைக்குச் சேதி சொல்லுமாம். ஆளு செத்து மூணு நாளாச்சு. அது அப்பிடியே முழுசா உக்காந்துக்கினு இருக்குது, யாரு அமுக்குவான்னு. அதுக்கு முன்னாடி நான் எத்தினி பேர எப்பிடியெல்லாம் அமுக்கியிருக்கேன்! உயிரோட இருந்தவங்கள. அவங்க கத்துனா, சும்மா இருய்யான்னு அதட்டியிருக்கேன். அன்னியிலேர்ந்து எதையும் கைய சூடு பண்ணாம, கேக்காம தொடறதில்ல.”

ஏழாம் நாள் எனக்கு எல்லாம் சரியானது. கொப்பரையை நானே செங்கல்தூளும் புளியும் போட்டு மூன்று தரம் தேய்த்தேன். “இரும்பு சுத்தமாயிடுச்சு தம்பி, வுடு. அதுக்கு ஒன்னும் தெரியாது” என்றார் அவர்.

இரும்புக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தை பிறந்து ஆலை ஓடத் தொடங்கினால் முதல் பாகு அம்மன் கோயில் பொங்கலுக்கு. அதைச் சின்னக் கொப்பரையில்தான் காய்ச்ச வேண்டும். குளித்து ஈர வேட்டியோடு காய்ச்சுவேன். அந்த வருஷமும் அப்படியே காய்ச்சினேன். ஊரே அந்தப் பொங்கலைச் சாப்பிட்டது. வெல்லம் என்றால் இதுவல்லவா வெல்லம் என்று பூசாரி சொன்னார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

மாசி மாதம் அது நடந்தது. மேலத்தெருவில் ஒரு மிராசுதார், எழுபது வயது. அவருக்கு ஒரு நாள் முழுக்க மூத்திரம் அடைத்துக்கொண்டது. மகன் வயலுக்குப் போன நேரம் பார்த்து, ஆள் அனுப்பி இவரைக் கொல்லைப்புறமாக வரவழைத்திருக்கிறார். இவர் குழாய் போடுவதற்கு முன்னால் விரலால் பார்த்துக்கொண்டிருந்தபோது மகன் திரும்பி வந்துவிட்டான். அவன் கண்ட காட்சி அவனுக்குப் புரியவில்லை. இவரை அடித்து, தகரப் பெட்டியோடு தெருவில் இழுத்துக்கொண்டு வந்து கோயில் திடலில் நிறுத்தினான். ஊர் கூடியது. நானும் போனேன். எனக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள்.

“தூங்கிக்கினு இருந்த எங்க நைனாவ இவன் இன்னா பண்ணான்னு வாயால சொல்ல முடியாது. அசிங்கம் புடிச்சவன்! ஆம்பளைய தொடறதே இவனுக்கு வேல” என்று மகன் கத்தினான்.

கிழவரையும் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வயிறு உப்பி, முகமெல்லாம் வியர்த்து வழிந்தது. ஊர்ப் பெரியவர் கேட்டார்: “நீங்களா இவனக் கூப்புட்டீங்க?”

கிழவர் மகனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். “நான் கூப்புடல” என்றார்.

இவர் வாயில் ரத்தம். கை கூப்பிக்கொண்டு பேசினார். “என்ன அப்புறமா என்ன வேணாலும் பண்ணுங்க. கட்டி வெச்சு அடிங்க. மொதல்ல அவருக்கு மூத்திரத்த எடுத்து வுட்டுர்றேன். குழாய கொதிக்க வெச்சுத்தான் எடுத்தாந்தேன். இன்னும் நேரமானா உள்ள கிழிஞ்சிடும். வலி தாங்க மாட்டாரு ஐயா.”

“வைத்தியன் மாதிரி பேசறான் பாரு! இந்த ஊர்ல வேற யாருக்குடா நீ வைத்தியம் பண்ண? ஒருத்தரச் சொல்லு, வுட்டுர்றோம்” என்றார் ஊர்ப் பெரியவர்.

ஒருத்தர் போதும். ஒரே ஒருத்தர் எழுந்து, எனக்குப் பார்த்தார், யோக்கியமாகப் பார்த்தார், பிழைத்தேன் என்று சொன்னால் போதும். அவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். என் முகத்துக்கு நேராக வந்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று திருப்பினார். அது எனக்கு அப்போதே புரிந்தது. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

“யாருமில்ல ஐயா” என்றார்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். அப்போது மகன் என் பக்கம் திரும்பினான். “ஆலக்காரரே, உம்ம கொட்டாயிக்கு இவன் வந்து போனத எங்க ஆளு பாத்திருக்கான். கார்த்திகை மாசத்துல, தெனமும். எதுக்கு வந்தான்?”

என் மனசில் சின்னக் கொப்பரை வந்து நின்றது. உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி எங்கே உட்கார்ந்தாய் என்பது. பிறகு அம்மன் பொங்கல். பிறகு என் வெல்லத்தை நாய்கூட முகராது. கூலிக்காரனாக இருந்தவன் கூலிக்காரனாகவே போக வேண்டியதுதான்.

“இவனா?” என்றேன். “எவனெவனோ ஆலைக்கு வருவான், பாகு நக்க. இவன் பேருகூட எனக்குத் தெரியாது.”

அதோடாவது நிறுத்தினேனா? கூட்டம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு எப்போதும் கூட்டத்தைச் சிரிக்கவைக்க வரும். “அந்த வெரலால என் வெல்லத்தத் தொட வுட்ருவனா நானு?” என்றேன்.

திடலே சிரித்தது. அவர் தன் வலது கையை மடித்து இடுப்பு வேட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

அவருக்கு ஊரில் யாரும் நெருப்போ தண்ணீரோ கொடுக்கக் கூடாது, கடையில் சாமான் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். கிழவரைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வேண்டும் என்றார்கள். என் வண்டியைக் கொடுத்தேன். ஊரிலேயே வேகமாகப் போகிற மாடுகள் என்னுடையவை என்று சொல்லிக் கொடுத்தேன். உப்பிய வயிற்றோடு, குண்டும் குழியுமான பாதையில், அந்த வேகத்தில். அரியாங்குப்பம் வரைக்கும் கிழவர் கத்திக்கொண்டே போனாராம். அதற்கப்புறம் கத்தவில்லையாம். மூன்றாம் நாள் பிணமாகத் திரும்பி வந்தார்.

திடலில் கூட்டம் கலைந்து அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் பெண்டாட்டி சோறு போட்டாள். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது சொன்னாள்: “மூலச் சூடுன்னு சொன்னீங்க. நான் ஒன்னும் கேக்கல. கொப்பரைய நீங்களே தேய்ச்சீங்க. அப்பவும் கேக்கல. இன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

“உனக்கென்னா தெரியும், போடி” என்றேன்.

மறுநாள் அவள் எனக்குத் தெரியாமல் ஒரு உருண்டை வெல்லத்தையும் கொஞ்சம் அரிசியையும் முந்தானையில் கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் இருந்த அவர் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். அரிசியை வாங்கிக்கொண்டாராம். வெல்லத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். “தொட வுடமாட்டேன்னு சொல்லியிருக்காரும்மா. அவருக்குத் தெரியாம நான் தொட்டா தப்பு” என்றாராம். கோபமாகச் சொன்னாரா என்று அவளிடம் கேட்டேன். “கோவமா சொல்லியிருந்தா எனக்கு அழுக வந்திருக்காது” என்றாள். அந்த உருண்டை பல நாள் எங்கள் அடுப்பங்கரை மாடத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. எடுத்துப் போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது வில்லியனூருக்குப் போகிற வழியில். நான் வெல்ல மூட்டைகளோடு வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். வண்டிக்காரன் பக்கத்தில் இருந்தான். அவர் ரயிலைப் பிடிக்கத் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்து போனார். எங்கள் வண்டிச் சத்தம் கேட்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். மாடு தானாக நின்றது. செவலைக்கு அவரைத் தெரியும். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் தேய்த்தார். அந்த உச்சி வெயிலில், பொரிகிற சூட்டில், தேய்த்துக்கொண்டுதான் செவலையின் கழுத்தில் வைத்தார். பிறகு என் பக்கமாக வந்து, வண்டிக்காரன் காதில் விழாத குரலில் கேட்டார்:

“இப்ப எரிச்சல் இல்லியே?”

“இல்ல” என்றேன்.

“மூத்திரத்த அடக்காத. எறங்கி ஒன்னுக்கு இருந்துட்டுப் போ. ஒன்னும் அவசரமில்ல.”

அவ்வளவுதான். வண்டியில் இடம் இருந்தது. ஏறிக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வண்டிக்காரன் பார்க்கிறானே என்று அவன் கையிலிருந்த தலைக்கயிற்றை வாங்கி நானே சுண்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு நான் வளர்ந்தேன். ஒரு ஆலை மூன்று ஆனது. பிரெஞ்சுக்காரன் போனான். கரும்புக்கு மோட்டார் வந்தது, அதையும் முதலில் வாங்கியவன் நான்தான். இதையெல்லாம் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அம்மன் பொங்கலுக்கு மட்டும் ஒவ்வொரு தையிலும் வெல்லம் கொடுத்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று சாப்பிடாமல் வந்துவிடுவேன்.

இப்போது எனக்கும் அந்தக் கொட்டைப்பாக்கு வீங்கிவிட்டது. போன வாரம் பேரன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனான். பெண்டாட்டியும் கூட வந்தாள். டாக்டர் பையன் இளவட்டம், நல்லவன்தான். திரும்பிப் படுங்க தாத்தா என்றான். உறை மாட்டிய விரல், பனிக்கட்டி மாதிரி. கேட்கவில்லை, சொல்லவில்லை, ஒரே அமுக்கு. நான் அலறிவிட்டேன்.

“கைய சூடு பண்ணிக்கினு வாப்பா!” என்று கத்தினேன். “கொட்டப்பாக்கச் சுத்தி இருக்கிற சவ்வுல நொய்க்குருண மாதிரி இருக்குது. வெங்காயத்தோலு மாதிரி அடுக்கடுக்கா. நீ அமுக்கினா அதுக்குத் தெரியும்!”

பையன் கையை எடுத்துவிட்டான். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னையே பார்த்தான். “தாத்தா, அந்தச் சுரப்பியச் சுத்தி இருக்கிற திசுவுல அப்படி நரம்பு முனைங்க இருக்கிறது உண்மைதான். வெங்காயம் மாதிரின்னுதான் எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தாங்க. உங்களுக்கு யார் சொன்னது?” என்றான். நர்சுப் பெண்ணையும் இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டு, இந்தப் பெரியவர் சொல்வதைக் கேளுங்கள் என்றான். மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

பெண்டாட்டி திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

“யாரு சொல்லணும்?” என்றேன். “படிச்சது மூணாங்கிளாசு. ஆனா எனக்குத் தெரியாதது இல்ல. எல்லாம் அனுபவம்ப்பா.”

அவர்கள் சிரித்தார்கள். தாத்தா பெரிய ஆளு என்றான் பையன். வேட்டியைக் கட்டிக்கொண்டு திரையை விலக்கினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“மறுபடியுமா?” என்றாள்.

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்தாகிவிட்டது, பெயர் வரவில்லை. சற்றுமுன் உள்ளே போய் அவளிடம் கேட்டேன். “நீங்க அண்ணேன்னுவீங்க. ஊரு விரல்காரன்னும். பேரு யாரு கேட்டா?” என்றாள்.

நான் கேட்கவில்லை. கொப்பரைக்குள் உட்கார்ந்து ஏழு நாள் பேசியிருக்கிறேன். தங்கை பெயர் கேட்டேன், டாக்டர் பெயர் கேட்டேன். அவர் பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை. திடலில் இவன் பேருகூட எனக்குத் தெரியாது என்றேனே, அன்றைக்கு நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.